சட்டைப் பைக்குள் போகும் கை

இரவு பத்தரை மணி. தி.நகர் உஸ்மான் ரோட்டில் நகைக்கடைகளின் ஷட்டர்கள் இறங்கிவிட்டன. மேம்பாலம் இறங்கும் இடத்தில் இரும்புத் தடுப்புகளைப் போட்டு, வருகிற பைக்குகளை ஓரங்கட்டுகிறார்கள். டார்ச் வெளிச்சம் முகத்தில் அடிக்கிறது. லைசென்ஸ், ஆர்.சி., இன்ஷூரன்ஸ். சாப்பாடு டெலிவரி செய்யும் ஒரு பையன் செல்போனில் டிஜிலாக்கரைத் திறந்து காட்டுகிறான் என்று வைத்துக்கொள்வோம். எல்லாம் சரியாக இருக்கிறது. "பாக்கெட்ல என்னடா?" என்ற கேள்வியோடு ஒரு கை அவன் சட்டைப் பைக்குள் போகிறது. இயர்போன், சீப்பு, ஐம்பது ரூபாய் நோட்டு. "சரி, கிளம்பு."

பெரும்பாலும் கதை இங்கேயே முடிந்துவிடும். அடுத்த ஆர்டருக்கு லேட்டாகிவிட்டதே என்ற பதற்றத்தில் பையனும் அதை மறந்துவிடுவான். ஆனால் அந்தப் பைக்குள் ஒரு சின்னப் பொட்டலம் இருந்திருந்தால், அந்த அரை நிமிடத்தைப் பல வருடம் கழித்து உயர் நீதிமன்றத்தில் வரி வரியாகப் பிரித்து வாதாடுவார்கள். கை உள்ளே போவதற்கு முன் போலீஸ்காரர் என்ன கேட்டார், பையன் என்ன சொன்னான், அது எதில் எழுதப்பட்டது, யார் கையெழுத்துப் போட்டார்கள் என்று அத்தனையும் கிளறப்படும்.

போலீஸுக்கு அந்தக் கையை உள்ளே விட அதிகாரம் உண்டா? சீருடையில் இருக்கும் போலீஸ்காரர் லைசென்ஸைக் கேட்கலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 130-வது பிரிவு அதைச் சொல்கிறது. குடித்திருப்பதாகத் தெரிந்தால் ஊதச் சொல்லலாம். ஆனால் லைசென்ஸ் கேட்கிற அதிகாரம் வேறு, உடம்பைத் தடவிப் பார்க்கிற அதிகாரம் வேறு. சி.ஆர்.பி.சி. இருந்த இடத்தில் 2024 ஜூலை 1 முதல் பி.என்.எஸ்.எஸ். வந்திருக்கிறது. அதில் உடல் சோதனை என்பது முக்கியமாகக் கைதுக்குப் பின்னால் வருவது. ஒரு வீட்டையோ கடையையோ சோதனை போடும்போது, அங்கே இருப்பவர் தேடப்படும் பொருளை உடம்பில் மறைத்திருக்கிறார் என்று நியாயமான சந்தேகம் வந்தால் அவரையும் சோதிக்கலாம். வாரண்ட் இல்லாமல் கைது செய்வதற்கே நியாயமான புகாரோ, நம்பத்தகுந்த தகவலோ, நியாயமான சந்தேகமோ வேண்டும் என்கிறது 35-வது பிரிவு. தெருவில் போகிற யாரை வேண்டுமானாலும் நிறுத்தித் தடவிப் பார்க்கலாம் என்று பொதுவாக அனுமதிக்கும் பிரிவு அந்தச் சட்டத்தில் இல்லை.

சந்தேகப்படுவது எளிது. அது நியாயமான சந்தேகமா என்பதுதான் கேள்வி. இரவு நேரம், நீளமான முடி, பழைய பைக், கலைந்த சட்டை. இவையெல்லாம் ஒரு போலீஸ்காரரின் மனதில் சந்தேகத்தை எழுப்பலாம். அதனாலேயே அவை நியாயமான காரணம் ஆகிவிடாது. பெசன்ட் நகர் கடற்கரையில் காரைவிட்டு இறங்கும் பையனிடம் "எங்கப்பா படிக்கிற?" என்ற கேள்வி வருவதும், பக்கத்திலேயே இருக்கும் ஊரூர் குப்பத்துப் பையனின் பாக்கெட்டுக்கு நேராகக் கை போவதும் அந்தப் பக்கம் புழங்குபவர்களுக்குப் புதிய செய்தி அல்ல.

இந்த அளவுகோலை உலகமறியச் செய்தது ஒரு அமெரிக்க வழக்கு. 1963 அக்டோபர் 31, கிளீவ்லாந்து நகரம். மார்ட்டின் மெக்ஃபேடன் என்ற அனுபவமுள்ள துப்பறியும் போலீஸ்காரர், இரண்டு பேர் ஒரு கடை ஜன்னலை எட்டிப் பார்ப்பதும் நகர்வதும் திரும்பி வருவதுமாக இருப்பதைக் கவனித்தார். ஒரு தடவை இரண்டு தடவை அல்ல, மாறி மாறிப் பல தடவை. கொள்ளையடிக்க நோட்டம் பார்க்கிறார்கள் என்று நினைத்து, மேல் உடையைத் தடவிப் பார்த்தார். டெர்ரி என்பவரின் கோட்டுக்குள் துப்பாக்கி இருந்தது. 1968-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில், அந்தச் சோதனை சரியே என்றது. ஆனால் ஒரு நிபந்தனை போட்டது: போலீஸ்காரர் தன் சந்தேகத்துக்கான காரணத்தைக் குறிப்பாக எடுத்துச் சொல்ல வேண்டும். 'என் உள்ளுணர்வு சொன்னது' என்பது போதாது.

அந்தச் சின்ன அனுமதி பிற்பாடு எங்கே போய் நின்றது என்பதற்கு நியூயார்க் சாட்சி. 2004 ஜனவரி முதல் 2012 ஜூன் வரை அங்கே போலீஸார் 44 லட்சம் முறை ஆட்களை நிறுத்தினார்கள். பாதிக்கும் மேற்பட்ட முறை உடலைத் தடவிப் பார்த்தார்கள். அப்படித் தடவியதில் ஆயுதம் கிடைத்தது 1.5 சதவீதத்தில். நிறுத்தப்பட்டவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவரும் லத்தீன் இனத்தவரும். 2013-ல் நீதிபதி ஷிரா ஷீன்ட்லின், நியூயார்க் இதைச் செய்துவந்த முறை அரசியல் சாசனத்துக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தார்.

அமெரிக்கர்கள் இப்படி வாதாட முடிவதற்கு அவர்களுடைய அரசியல் சாசனத்தில் ஒரு திருத்தம் இருக்கிறது. நியாயமற்ற சோதனைகளிலிருந்து உடம்புக்கும் வீட்டுக்கும் காகிதங்களுக்கும் பாதுகாப்பு. நம் சாசனத்தில் அது ஏன் இல்லை என்று தேடினால், பாதை மயிலாப்பூருக்கு வந்து சேர்கிறது.

மயிலாப்பூர் காவல் நிலையம் இருப்பது கச்சேரி ரோட்டில். மார்கழிப் பாட்டுக் கச்சேரிக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை. அந்தக் காலத்தில் கச்சேரி என்றால் சர்க்கார் அலுவலகம், கோர்ட். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் லஸ். பெரிய வக்கீல்கள் பங்களா கட்டி வாழ்ந்த இடம். அவர்களில் ஒருவர் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர், அரசியல் சாசன வரைவுக் குழுவின் உறுப்பினர். 1947-ல் அடிப்படை உரிமைகளுக்கான துணைக்குழு கூடியபோது, நியாயமற்ற சோதனைக்கு எதிரான உரிமையை அம்பேத்கரும் கே.எம்.முன்ஷியும் தங்கள் வரைவுகளில் எழுதியிருந்தார்கள். துணைக்குழுவின் வரைவிலும் அது இடம்பெற்றது. அல்லாடி எதிர்த்தார். அரசியல் சாசன ஆலோசகர் பி.என்.ராவும் எதிர்த்தார், கோர்ட் வாரண்ட் இல்லாமல் சோதனையே கூடாது என்று ஆகிவிட்டால் புலனாய்வு முடங்கும் என்பது ராவின் கவலை. அந்த வாசகம் கைவிடப்பட்டது. 1948 டிசம்பரில் காசி சையத் கரீமுதீன் மறுபடியும் அதைத் திருத்தமாகக் கொண்டுவந்தார். பயனுள்ள யோசனைதான் என்று அம்பேத்கர் ஆதரித்தும் சபை நிராகரித்தது. நாடு எரிந்துகொண்டிருந்த காலம் அது. அவர்கள் பயந்ததில் தவறு காண்பது கடினம். ஆனால் அந்தப் பயத்தின் விலையை இன்றைக்கும் கொடுத்துக்கொண்டிருப்பது இரவு பத்தரை மணிக்குத் தடுப்புக்கு முன்னால் நிற்கும் ஆட்கள்தான்.

1954-ல் எம்.பி.சர்மா வழக்கில் எட்டு நீதிபதிகள், அமெரிக்காவில் இருப்பதுபோன்ற உரிமை இங்கே இல்லை என்றார்கள். பிறகு பூரண்மல் வழக்கில், சோதனை சட்டவிரோதமாக நடந்திருந்தாலும் அதில் கிடைத்த பொருளைச் சாட்சியமாக ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2017-ல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள், தனிமை அடிப்படை உரிமைதான் என்று சர்மா தீர்ப்பின் அந்தப் பகுதியைத் தள்ளினார்கள். இருந்தாலும் பூரண்மல் விதி பொதுவாக இன்னமும் நிற்கிறது. பாக்கெட்டிலிருந்து திருட்டுச் செல்போன் எடுக்கப்பட்டால், எடுத்த விதம் தவறு என்பதற்காக மட்டும் வழக்கு விழுந்துவிடாது.

இதற்குப் பெரிய விதிவிலக்கு 1985-ம் வருடத்துப் போதைப்பொருள் தடுப்புச் சட்டம். அதன் 50-வது பிரிவு ஒரு கேள்வியைக் கட்டாயமாக்குகிறது. போதைப்பொருளுக்காக ஒருவரின் உடம்பைச் சோதிக்கும் முன் அவரிடம் சொல்ல வேண்டும்: "பக்கத்தில் இருக்கும் மாஜிஸ்திரேட் முன்னாலோ, கெசட்டட் ஆபீசர் முன்னாலோ சோதிக்கப்பட உங்களுக்கு உரிமை இருக்கிறது. வேண்டுமா?" கெசட்டட் ஆபீசர் என்றால் சர்டிபிகேட் நகலில் பச்சை மையில் கையெழுத்துப் போடுபவர் எல்லோருக்கும் ஞாபகத்துக்கு வருவார், இங்கே போலீஸ், வருவாய், சுங்கம், கலால் போன்ற துறைகளைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். வேண்டும் என்று அந்த ஆள் சொன்னால் தாமதிக்காமல் அழைத்துப் போக வேண்டும். அங்கே போனபின், சோதிக்க நியாயமான முகாந்திரம் இல்லை என்று மாஜிஸ்திரேட்டுக்கோ ஆபீசருக்கோ தோன்றினால் உடனே விட்டுவிட வேண்டும்.

அதாவது போலீஸின் சந்தேகத்தை இன்னொருவர் எடை போட்டுப் பார்க்கிறார். பாக்கெட்டுக்குள் கை போவதற்கு முன்பே.

ஏன் இந்தச் சட்டத்தில் மட்டும் இவ்வளவு கெடுபிடி? தண்டனை அப்படி. மெத்தம்பெட்டமைன் 50 கிராம் இருந்தாலே அது வணிக அளவு; குறைந்தபட்சம் 10 வருடம், அதிகபட்சம் 20. ஐம்பது கிராம் என்பது சட்டைப் பையில் தாராளமாக அடங்கும் எடை. போதாததற்கு, பொருள் கையில் இருந்தது என்று அரசுத் தரப்பு நிரூபித்துவிட்டால், அது எப்படி வந்தது என்று விளக்க வேண்டிய பொறுப்பு குற்றம்சாட்டப்பட்டவர் தலையில் விழுகிறது. வணிக அளவு என்றால் ஜாமீனும் குதிரைக்கொம்பு. இப்படி ஒருவரின் வாழ்க்கையையே புரட்டிப்போடும் பொருளை அவர் பாக்கெட்டில் வேறு யாராவது வைத்துவிட்டு 'எடுத்தோம்' என்று சொல்ல முடியாதபடி ஒரு பூட்டு வேண்டாமா? தண்டனை கடுமையாக ஆக ஆக, பாதுகாப்புகளைக் கடைப்பிடிப்பதிலும் கவனம் கூட வேண்டும் என்று 1999-ல் பல்தேவ் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகள் சொன்னதன் சாரம் இதுதான்.

அந்த உரிமையைச் சொல்லாமல் விட்டால், உடம்பிலிருந்து எடுத்த பொருளை மட்டும் நம்பித் தண்டிக்க முடியாது என்றது அந்தத் தீர்ப்பு. பிறகு, 'ஏறக்குறையச் சொன்னோமே, போதாதா?' என்ற வாதம் கிளம்பியது. 2010 அக்டோபர் 29 அன்று விஜய்சிங் ஜடேஜா வழக்கில் இன்னொரு ஐந்து நீதிபதிகள் அமர்வு, ஏறக்குறைய போதாது, முழுமையாகக் கடைப்பிடிக்க வேண்டும் என்று முடித்துவைத்தது. கூடவே, முடிந்தவரை மாஜிஸ்திரேட் முன்னால் கொண்டுபோவதே நல்லது, சாதாரண மக்களுக்கு அவர்மீது கூடுதல் நம்பிக்கை இருக்கிறது என்றும் சொன்னது.

மேல்முறையீட்டில் வக்கீல்கள் முதலில் புரட்டுவது இந்த இடத்தைத்தான். ராஜஸ்தானின் பரமானந்த் வழக்கு நல்ல உதாரணம். அதில் இரண்டு பேர் பிடிபட்டார்கள். உரிமையைச் சொல்லும் நோட்டீஸ் ஒன்றுதான். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒருவரே கையெழுத்துப் போட்டுக்கொடுத்தார். போதாக்குறைக்கு, சோதனைக்கு வந்த குழுவிலேயே இருந்த ஓர் அதிகாரி முன்னிலையிலும் சோதிக்கலாம் என்று மூன்றாவது வாய்ப்பு ஒன்றையும் கொடுத்தார்கள். 2014-ல் உச்ச நீதிமன்றம் இரண்டையும் ஏற்கவில்லை. உரிமை தனித்தனி ஆளுக்கு உரியது, தனித்தனியாகத்தான் சொல்ல வேண்டும். பிடிக்க வந்தவர்களில் ஒருவரே நடுவராக முடியாது. விடுதலை உறுதியானது.

பல தீர்ப்புகளில் ஒரே மாதிரிப் பதில் வரும்: 'யார் முன்னாலும் போக வேண்டாம், நீங்களே சோதித்துக்கொள்ளுங்கள் என்று எதிரி கூறினார்.' தட்டச்சு செய்த தாள், கீழே கோணல்மாணலாக ஒரு கையெழுத்து. நடுத்தெருவில் நாலு போலீஸ்காரர் நடுவில் நிற்கும் ஒருவர் இத்தனை பெருந்தன்மையாகத் தன் உரிமையை விட்டுக்கொடுப்பாரா என்று கேட்கத் தோன்றும். அவர் மனமறிந்து வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அதுவும் செல்லும் என்பதே சட்டம். அவருக்குப் புரியும் மொழியில் சொன்னார்களா, நிஜமாகவே கேட்டார்களா என்பதில்தான் குறுக்கு விசாரணை சூடு பிடிக்கும்.

இன்னொரு ஓட்டையும் உண்டு. போலீஸ் வேறு எதையோ தேடும்போது தற்செயலாகப் போதைப்பொருள் சிக்கினால், அதுவரை நடந்த சோதனைக்கு 50-வது பிரிவு பொருந்தாது. ஆகவே 'ரகசியத் தகவல் கிடைத்துப் போனோம்' என்று எழுதினால் ஒரு சட்டம், 'வழக்கமான வாகனச் சோதனை, பையன் பதற்றமாக இருந்தான்' என்று எழுதினால் இன்னொரு சட்டம். எந்தச் சந்தேகத்தோடு கை உள்ளே போனது என்பதை, போன பிறகு ஸ்டேஷனில் உட்கார்ந்து எழுதுகிறவர்தான் பல நேரங்களில் தீர்மானிக்கிறார்.

பாக்கெட் வேறு, பை வேறு என்பதையும் பொதுமக்கள் பலர் அறிந்திருப்பதில்லை. 2005-ல் பவன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், உடம்பு என்றால் போட்டிருக்கும் உடையும் செருப்பும் சேர்ந்தது, கையில் பிடித்திருக்கும் பை அதில் சேராது என்றது. 2023-ல் ரஞ்சன் குமார் சத்தா வழக்கிலும் அதையே உறுதிசெய்தது: பையிலிருந்து எடுத்த பொருளுக்கு 50-வது பிரிவின் பாதுகாப்பு கிடையாது. கஞ்சாவில் வணிக அளவு 20 கிலோ. அதை யாரும் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு போக முடியாது. எனவே மூட்டையோடு பிடிபடுகிறவருக்கு இந்தக் கேள்வி உதவாது. டெலிவரி பையனின் முதுகில் தொங்கும் பெரிய பெட்டிக்கும் உதவாது. சட்ட நுணுக்கமாகப் பார்த்தால் சரியாக இருக்கலாம். பாக்கெட்டில் பொருளை வைத்துச் சிக்கவைக்க நினைக்கிறவருக்குப் பையில் வைப்பது இன்னும் சுலபம் அல்லவா என்ற கேள்விக்கு அந்தத் தீர்ப்புகளில் திருப்தியான பதில் இல்லை.

இந்தச் சட்டத்தின் வரலாற்றில் சென்னைக்கும் ஒரு பெரிய இடம் உண்டு. 2004-ல் இங்கே பதிவான ஹெராயின் வழக்கு ஒன்றில் தூஃபான் சிங் என்பவருக்கு 10 வருடத் தண்டனை. சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதிகாரிகளிடம் அவர் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட வாக்குமூலத்தை நம்பலாமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றத்துக்குப் போய், 2013-ல் பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டது. அதற்குள் அவர் ஒன்பது வருடத்துக்கு மேல் உள்ளே இருந்துவிட்டார். பதில் வந்தது 2020-ல், அதுவும் ஜடேஜா தீர்ப்பு வந்த அதே அக்டோபர் 29 அன்று: இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில், போதைத் தடுப்பு அதிகாரிகளிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது. அது முதல் தெருவில் நடக்கும் சோதனையின் கனம் இன்னும் கூடிவிட்டது. ஒப்புக்கொண்டான் என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. எடுத்தோம் என்பதைத்தான் நிரூபிக்க வேண்டும்.

ஆங்கிலத்தில் போலீஸ்காரர் படும் சந்தேகத்துக்கு ஒரு சொல், நீதிபதிக்கு வரும் சந்தேகத்துக்கு வேறு சொல். தமிழில் இரண்டும் சந்தேகம்தான். 'சந்தேகத்தின் பேரில் கைது' என்று காலைப் பேப்பரில் சின்னதாக வரும் செய்தி, 'சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை' என்று முடிவதற்குப் பல வருடங்கள் ஆகிவிடுகின்றன. அந்த இடைவெளியில் குற்றமற்றவர் என்றால் அவர் இளமை போயிருக்கும். அம்மா நகையை விற்று வக்கீல் ஃபீஸ் கட்டியிருப்பார். குற்றவாளி என்றால், ஒரு வாக்கியத்தைக் கேட்கத் தவறிய ஒரே காரணத்தால் அவர் சிரித்துக்கொண்டே வெளியே வருவார். 'டெக்னிக்கல் பாயின்டில் தப்பித்துவிட்டான்' என்று பேசிக்கொள்வார்கள். கேட்க ஒரு நிமிடம் பிடிக்கும் கேள்வியைக் கேட்காமல் விட்டவர் பெயர் அந்தப் பேச்சில் வராது.

பெண்கள் விஷயத்தில் சட்டம் சுற்றி வளைக்கவே இல்லை. போதைப்பொருள் சட்டமானாலும் பி.என்.எஸ்.எஸ். ஆனாலும், பெண்ணைச் சோதிப்பவர் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும். அவசரம், ஆள் இல்லை என்ற சமாதானங்களுக்கு இடமில்லை. தீபாவளிக் கூட்டத்து ரங்கநாதன் தெருவுக்கும் அதே விதிதான்.

போதைப்பொருள் சட்டத்தின் 58-வது பிரிவைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நியாயமான சந்தேகம் இல்லாமல் ஓர் இடத்தைச் சோதிக்கும் அதிகாரிக்கும், தேவையில்லாமல் தொல்லை கொடுக்கும் விதத்தில் ஒருவரைச் சோதிக்கும் அதிகாரிக்கும் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆயிரம் ரூபாய். ஹெல்மெட் போடாமல் போனாலும் சட்டப்படி அபராதம் அதேதான்.

புதிதாக வந்திருக்கும் ஒரு மாற்றம் மேல்முறையீடுகளின் போக்கையே மாற்றக்கூடும். பி.என்.எஸ்.எஸ். 105-வது பிரிவின்படி, சோதனையையும் பொருளைக் கைப்பற்றுவதையும், பட்டியல் எழுதிச் சாட்சிகள் கையெழுத்திடுவதையும் ஆடியோ வீடியோவாகப் பதிவு செய்ய வேண்டும். செல்போனே போதும். அந்தப் பதிவைத் தாமதமில்லாமல் மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும். இதுவரை உயர் நீதிமன்றம் தட்டச்சுத் தாளையும் கோணல் கையெழுத்தையும் வைத்துக்கொண்டு, கேட்டார்களா இல்லையா என்று ஊகித்துக்கொண்டிருந்தது. இனி உஸ்மான் ரோட்டின் ஹாரன் சத்தத்துக்கு நடுவே அந்தக் கேள்வி கேட்கிறதா என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்கலாம். பதிவு செய்பவர் எந்த நிமிடத்தில் பட்டனை அழுத்தினார், கை உள்ளே போவதற்கு முன்பா, வெளியே வந்த பிறகா என்பதுதான் அடுத்த சுற்று வழக்குகளில் வாதமாக வரப்போகிறது.